முட்டிக்கு வாங்கிய மாத்திரை

மாரண்டஹள்ளியில் ஒருவர் நொண்டியபடி பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி தூக்குகிறவராம். திறந்த சட்டைக்குள் பைபாஸ் தழும்பு தெரிந்தது. முட்டியை அமுக்கிக்கொண்டே வந்தவர், மெடிக்கலில் வெட்டிக் கொடுத்த மாத்திரைகளைக் காகிதத்திலிருந்து பிரித்தார்.

“வலி மாத்திரைங்களா? நம்மள மாதிரி இருதய நோயாளிங்க அதத் தொடவே கூடாதுங்க. ரத்தக்குழாய் அடச்சிக்கும்னு எனக்கு ஸ்டென்ட் வச்ச டாக்டர் சொன்னாருங்க. ஆபரேஷன் பண்ணினத கடையில சொன்னீங்களா?” என்றேன்.

“முட்டிக்குத்தானுங்க மாத்திர கேட்டேன். நெஞ்ச எதுக்குங்க சொல்லணும்?”

நான் கையைப் பிடிப்பதற்குள் ஒன்றை விழுங்கிவிட்டார். அதன்பின் அவர் நெற்றியில் வியர்வை தெரிந்தாலே எனக்குப் பதறியது.

பாலக்கோட்டில் நொண்டாமல் இறங்கி, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மீதி மாத்திரைகளைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு மண்டிப் பக்கம் நடந்தார். அவ்வளவு நன்றாக நடந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.