தேய்த்த நோட்டு

எக்ஸ்ரே அறையில் ஆளைப் படுக்க வைக்கும் மேசை எந்நேரமும் ஜில்லென்றுதான் இருக்கும். அங்கே படம் எடுக்கிற அவர் ஒரு போர்வையை நாலாக மடித்து, படம் பார்க்கும் விளக்குப் பெட்டியின் மேல் போட்டு வைப்பார். அது வெதுவெதுப்பானதும் மேசையில் விரித்துவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். யாரும் செய்யச் சொன்னதில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை. இடுப்பில் அடிபட்டு அதே மேசையில் படுத்தபோதுதான் அவர் மனைவிக்கே விஷயம் தெரிந்தது. கட்டிய பெண்டாட்டிக்குத் தனிக் கவனிப்பு போலிருக்கிறது என்று மனசுக்குள் பூரித்துப் போனாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால், பின்னால் வந்த மூட்டைத் தொழிலாளிக்கும் அதே போர்வை, அதே சூடு. அன்று வீட்டில் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

விளக்குப் பெட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மதிய இடைவேளையில் தென்னமெரிக்காவின் பழைய காகித நோட்டு ஒன்றை அதன்மேல் வைத்து, தாளின் நரம்பு வரைக்கும் பார்ப்பார். கடல் தாண்டாத மனுஷர். எப்போதோ கால் படம் எடுக்க வந்த ஒரு மாலுமி, போகிற போக்கில் கையில் திணித்த செல்லாத பெரு நாட்டு நோட்டில் பிடித்த பித்து அது. இருபத்தாறு வருஷத்தில் மூன்று ஆல்பம் நிறைந்துவிட்டது. அவள் தம்பி வரும்போதெல்லாம் சீண்டுவான்.

"பத்து லட்சம் பெசோ நோட்டு வெச்சிருக்கீங்க மாமா, ஒரு டீ வாங்கித் தர மாட்டேங்குறீங்களே."

"சில்லறை இல்லடா" என்பார் அவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டீக்கடை மாடியில், இதே பித்துப் பிடித்த ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ஒரு நோட்டு அசலா போலியா என்பதில் அவர் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பேரைத் தவிர அவர் வேறெதையும் சம்பாதிக்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர் கப்பல்காரர். கப்பலில் சமையல் வேலை பார்த்து ஓய்ந்தவர். மூட்டு தேய்ந்துபோய், கண்ணும் மங்கியிருந்தது. அவரிடம் நூறு வயது தாண்டிய பொலிவியா நோட்டு ஒன்று இருந்தது. அதன் அடியில் யாரோ ஓர் அதிகாரி பேனா பிடித்துப் போட்ட கையெழுத்து. அச்சில்லை, மை. அதற்குத்தான் மதிப்பே. வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். அந்தப் பணம் வந்தால்தான் மூட்டுக்கு ஆபரேஷன். "எக்ஸ்ரேக்காரர் பார்த்து அசல்னு சொல்லட்டும்" என்பதுதான் வாங்குகிறவரின் ஒரே நிபந்தனை. வியாழக்கிழமை அவர் நோட்டைக் கப்பல்காரரிடம் வாங்கி வந்தார், வெள்ளிக்கிழமை விளக்கில் வைத்துப் பார்த்தார், அசல்தான். ஞாயிறு காலை கப்பல்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போனபின், நோட்டு ஆல்பத்தின் மேல் கிடந்ததை அவள் பார்த்தாள். நாலு மடிப்பு, ஓரத்தில் சுருக்கம், பழுப்புக் கறை. இப்படியா ஒருத்தர் கையில் கொடுப்பது என்று தோன்றியது. அவர் சீருடையைத் தேய்க்கிற அதே பக்குவத்தில், மேலே ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை மெதுவாக இழுத்தாள். மடிப்பு மாயமாகி, நோட்டு பளபளத்தது. அவர் வந்ததும், தேர்வில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி நீட்டினாள்.

அவர் ஜன்னலோரம் போய் நின்றார். நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"நல்லாத்தான் தேய்ச்சிருக்கே" என்றார் கடைசியில். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

சாயங்காலம் வந்த தம்பிதான் உடைத்துச் சொன்னான். ஈரத்தில் மை பரவிவிட்டது. விரலில் தட்டுப்பட வேண்டிய மேட்டு அச்சு மழுங்கிவிட்டது. இனி அது வெறும் தாள். தேய்த்து விற்கிற ஆள் என்று பேர் வந்தால், மாடியில் ஒருத்தன் மாமாவோடு நோட்டு மாற்ற மாட்டான். பிறகு குரலைத் தணித்தான். பெரியவருக்குத்தான் கண் தெரியாதே, வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டால் மற்றது வாங்குகிறவன் பாடு என்றான். அவர் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டபோது அவள் அடுப்படியில் கைகூப்பி நின்றிருந்தாள். பெரியவர் கண்ணில் படக் கூடாது சாமி, என்றுதான் வேண்டினாள். வேண்டி முடித்த கையோடு உடம்பு கூசியது. கண் மங்கிய மனுஷருக்கு இன்னும் கண் தெரியக் கூடாது என்று கடவுளிடமே கேட்டுவிட்டோமே என்று சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கப்பல்காரர் நோட்டை மூக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"அட, புதுசு மாதிரி இருக்கே தம்பி. உன் கை பட்ட ராசியா?"

உள்ளே அவள் காபி டம்ளரைக் கையில் எடுத்திருந்தாள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"கையெழுத்துப் பக்கம் வெளிச்சத்துல பாருங்க" என்றார் அவர். "மை ஓடியிருக்கு. நான்தான் தேய்ச்சேன்."

டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். "அவர் இல்லைங்க. நான். எனக்குத் தெரியல."

கப்பல்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டை மேசைமேல் வைத்தார். எனக்கு இது வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கிப் போனார். அந்தத் தடிச் சத்தம் தெருமுனை வரைக்கும் அவள் காதில் இடித்தது.

அடுத்த வாரமே அவர் பெரு நாட்டு ஆல்பத்தை, அந்த மாலுமி கொடுத்த முதல் நோட்டு உட்பட, அதே வெளியூர்க்காரருக்கு விற்றார். வந்ததை அப்படியே கவரில் போட்டுத் தம்பியிடம் கப்பல்காரருக்குக் கொடுத்தனுப்பினார். மாடியில் மூன்று மாதம் யாரும் அவரிடம் நோட்டு நீட்டவில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் போய், ஓர் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தார்.

பிறகு ஒரு நாள் ஆபரேஷனுக்கு முன்னால் மூட்டுப் படம் எடுக்கக் கப்பல்காரர் வந்து மேசையில் படுத்தார். முதுகில் பட்ட போர்வையைத் தடவினார்.

"சூடா இருக்கே. இதையும் இஸ்திரி போட்டாச்சா?"

அதை வீட்டில் வந்து சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. பொலிவியா நோட்டை மட்டும் கப்பல்காரர் கடைசிவரை வாங்கிக்கொள்ளவில்லை. அவரும் தனதென்று எடுத்துக்கொள்ளவில்லை. கப்பல்காரர் பேரை ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து, ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

ஆறு வருஷம் கழித்து, நெஞ்சுவலி என்று அவரையே அந்த ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் அறைக் கதவருகே வண்டி ஒரு நிமிஷம் நின்றது. அவர் விரலை அசைத்தார். அவள் குனிந்தாள்.

"கடைசிப் பக்கத்துல இருக்குறது கப்பல்காரரோடது. வந்து கேட்டா குடுத்துடு" என்றார். மூச்சு வாங்கியது. "தேய்க்காமக் குடு."