எருமை ஒப்புக்கொண்ட கம்ப்ரஸர்

எங்கள் வீட்டில் எதை வாங்குவதானாலும் அம்மா ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மா ஒப்புக்கொள்ள வேண்டுமானால் எருமை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை மறந்துபோய் அப்பா ஒரு நாள் சாப்பிடும்போது, பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரஸர் ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அது தொண்ணூற்றொன்றாம் வருடம். பென்னலூரில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில், பெயிண்ட் ஷாப்பில் வேலை. இரும்புச் சட்டங்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வரும். அப்பா ஸ்ப்ரே கன்னைப் பிடித்து அவற்றுக்குச் சாம்பல் நிறம் அடிப்பார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே சாம்பல்தான். அவர் நகக்கண் சாம்பல், காது மடல் சாம்பல், தீபாவளிக்கு எடுத்த புதுச்சட்டையிலும் எப்படியோ சாம்பல் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் சொந்தமாக ஒரு சின்ன கம்ப்ரஸர் இருந்தால், முதல் ஷிப்ட் முடிந்து வந்து, மாட்டுக் கொட்டகையின் பாதியில் சைக்கிளுக்கும் பீரோவுக்கும் பெயிண்ட் அடிக்கலாம் என்பது அவர் திட்டம். வரும்படிக்காக என்றுதான் அம்மாவிடம் சொன்னார். ஆனால் மயில்கழுத்து நீலம், மாம்பழ மஞ்சள் என்று நிறங்களின் பெயரைச் சொல்லும்போது சோற்றைப் பிசைய மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சத்தம் போடுமா?"

"லேசா."

"லேசான்னா? எருமை பால அடக்கிக்கிச்சுன்னா இன்னா பண்றது?"

கேள்வி நியாயமானதுதான். எங்கள் எருமை பக்கத்து வீட்டில் அப்பளம் பொரித்தால்கூடப் பாலை அடக்கிக்கொள்ளும். அதன் மாலைப் பால் ரோட்டோரத்து டீக்கடைக்குப் போயிற்று. மற்றப் பால்காரர்களை டீக்கடைக்காரர் திட்டும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பாலைத்தான் எடுத்துக் காட்டுவார். அம்மாவுக்கு அதில் நகை நட்டுக்கு இல்லாத பெருமை. அவள் காதில் விழும்படி பாலில் தண்ணீர் என்று யாரும் பேசிவிட முடியாது. விளையாட்டாகக் கேட்ட அத்தையோடு ஒரு பொங்கல் முழுக்க அவள் பேசவில்லை.

அதனால் நிபந்தனை போட்டாள். மாலையில் தூக்குவாளியின் கழுத்துவரை பால் வர வேண்டும். ஒரு விரற்கடை குறைந்தாலும் மெஷின் கடைக்கே திரும்பிப் போய்விட வேண்டும். வேறு நேரத்தில் பெயிண்ட் அடிக்கவும் வழியில்லை. அப்பா வீடு திரும்பி, வெளிச்சம் போவதற்குள் அடித்தாக வேண்டும்; எருமை கறக்கிற நேரமும் அதுதான்.

இந்த இடத்தில் அம்மாவின் தம்பி, என் மாமா, உள்ளே புகுந்தார். மாமாவிடம் ஒரு டேப்ரெக்கார்டர் இருந்தது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரிவதுபோல அதைத் தூக்கிக்கொண்டு திரிவார், எதற்காவது பயன்படாதா என்று. இதோ அந்தச் சமயம் வந்துவிட்டது.

"எருமைய கடைக்கு இட்டுக்கினு போவ முடியாது. கடைய எருமைகிட்ட இட்டாந்துடலாம்க்கா" என்றார்.

அப்பா லீவு போட்டார். நான் அழுது அடம்பிடித்ததில் எனக்கும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. சென்னையில், இரும்புச் சாமான் கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு தெருவில், அப்பா பல நாளாக விசாரித்து வைத்திருந்த கடைக்குப் போனோம். அங்கே மூன்று கம்ப்ரஸர்கள் இருந்தன. ஒன்று கையில் தூக்கிப் போகிற அளவு சின்னது. அதற்குக் காற்றைச் சேர்த்து வைக்கிற டேங்க் கிடையாது. பெயிண்ட் விட்டு விட்டுத் துப்பும் என்று அப்பா உதட்டைப் பிதுக்கினார். இன்னொன்று ஆளுயரம், அது நம் வீட்டுக் கரண்ட்டில் அசையவே அசையாது. மூன்றாவதுதான் அப்பாவின் மனத்தில் இருந்தது. வயிறு உப்பிய சின்ன டேங்க், அதன் மேல் மோட்டார், கீழே இரண்டு சக்கரம், இழுத்துப் போக ஒரு கைப்பிடி. அப்பா அதன் முதுகைத் தடவிக் கொடுத்ததை மாமா பார்க்காததுபோல இருந்தார்.

மாமா டேப்ரெக்கார்டரை மேஜைமேல் வைத்து, ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னா சார், ரேடியோக்காரங்களா?"

"இல்லீங்க" என்றார் அப்பா கூச்சத்துடன். "வூட்ல சத்தத்த கேட்டுட்டுதான் ஒத்துக்குவாங்க."

"சம்சாரமா?"

அப்பாவுக்குப் பொய் வராது. "எருமை" என்றார்.

கடைக்காரர் அதற்குமேல் எதுவும் கேட்காமல் மூன்றையும் ஓட்டிக் காட்டினார். மாமா சத்தங்களைத் தன் பாட்டுக் கேசட் ஒன்றின்மேல் பதிவு செய்தார். அம்மா பால் கறக்கும்போது முணுமுணுக்கிற பாட்டு அந்தக் கேசட்டில்தான் இருந்தது. அது அழியாமல் பார்த்துக்கொண்டேன் என்று பெருமையாகச் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் வேறொரு கேசட்டைப் போட்டு, பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் பாட்டுக் கச்சேரி நடத்தினார்.

மறுநாள் மாலை பரீட்சை. கொட்டகையில் ஒரு பல்பு மட்டும்தான், பிளக் பாயின்ட் கிடையாது. அதனால் டேப்ரெக்கார்டர் பெட்டி பேட்டரியில் ஓடியது. அம்மா கறக்க உட்கார்ந்தாள். முதலில் டேங்க் இல்லாத சின்னது. எருமை ஒரே உதை. பாத்திரம் உருண்டு என் காலடிக்கு வந்தது. அதைச் சமாதானப்படுத்தித் தவிடு வைத்து, இரண்டாவதைப் போட்டோம். எருமை வாலைத் தூக்கிக்கொண்டு முளையைச் சுற்றி ஓடியது. அப்பாவின் முகம் வாடிவிட்டது. கடைசியாக அவருடைய கம்ப்ரஸர். கொட்டகையில் ஒரு வண்டு பறப்பதுபோல, தாழ்வாக, இதமாக ஒரு முனகல் கேட்டது. எருமை காதை ஆட்டியபடி அசைபோட்டது. பால் சர் சர்ரென்று இறங்கியது.

அப்பாவும் மாமாவும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் முடிந்து, கேசட்டில் மிச்சமிருந்த அம்மாவின் பாட்டு வந்தது. அந்தப் பாடகி ஆண் குரலில், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்போல இழுத்து இழுத்துப் பாடினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவும் மாமாவும் இருந்த குஷியில் அதைக் கவனிக்கவில்லை. அம்மா மட்டும் கறப்பதை நிறுத்திப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"சரி, இதையே வாங்கிக்கினு வாங்க" என்றாள்.

கம்ப்ரஸர் வந்தது. கொட்டகைக்கு பிளக் பாயின்ட் வந்தது. தெரு ஜனம் வேடிக்கை பார்க்க வந்தது. அப்பா கற்பூரம் ஏற்றி, ஸ்விட்சைப் போட்டார். மெஷின் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்து தூசி கொட்டியது. எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து, ஏரியில் போய்க் கழுத்துவரை நின்றுகொண்டது. இன்னொரு கெட்ட குணமும் மெஷினுக்கு இருந்தது. டேங்க் நிறைந்ததும் தானாக நின்றுவிடும். அப்பாடா என்று நாம் மூச்சு விடும்போது திடீரென்று மறுபடி ஓட ஆரம்பிக்கும். மாமாதான் பெட்டியைக் குடைந்து விஷயத்தைக் கண்டுபிடித்தார். பஸ் கச்சேரியில் பேட்டரி தீரும் தறுவாய்க்கு வந்து, கேசட் மெதுவாகச் சுற்றி, மெஷினின் சத்தமும் தாழ்ந்து கேட்டிருக்கிறது. சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று தூக்குவாளியில் பாதிதான் பால். அப்பா மெஷினின் ஒயரைச் சுற்றிக் கட்டி, நாளைக்குக் கடையில் கொடுத்துவிடுகிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"வந்த அன்னிக்கேவா தொரத்துவாங்க?" என்றாள் அம்மா. "பழகட்டும். நாளைக்குப் பாப்போம்."

மறுநாள் மெஷின் அலறியது, எருமை கண்ணை உருட்டியது, ஆனால் தூக்குவாளி கழுத்துவரை நிறைந்துவிட்டது. அதற்கடுத்த நாளும் நிறைந்தது. "பாத்தியா, பழகிடுச்சு! மனுசன விட மாடு மேல்" என்று அப்பா எருமையைத் தட்டிக் கொடுத்தார். அது அவரை முட்ட வந்தது. அடுத்த தெருவில் ஒரு கல்யாணப் பெண்ணின் சீர் பீரோ அவரிடம் வந்திருந்தது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, அதற்கு மயில்கழுத்து நீலம் அடித்தார். அடித்துக்கொண்டே விசிலடித்தார். அப்பாவுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பாலைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஒரு நாள் டீக்கடைக்காரர் பாலைக் கரண்டியில் எடுத்து ஊற்றிப் பார்த்தார். "இன்னா பாப்பா, பால் கொஞ்சம் நீர்க்க கீது? உங்க வூட்டுப் பால் இப்டி இருக்காதே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நம்ப முடியாமல்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அத்தைக்கு நடந்தது டீக்கடைக்காரருக்கும் நடக்கப் போகிறது என்று காத்திருந்தேன். அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. "மழைக்காலம்டி. பச்சப்புல்லு தின்னா பால் அப்டித்தான் இருக்கும்னு சொல்லு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் அதை அப்படியே நம்பினேன். எங்கள் வீட்டுப் பெயரை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்து, மறுநாள் அம்மா அறுத்து வைத்திருந்த புல் முழுவதையும் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, எருமைக்கு வெறும் வைக்கோலாக அள்ளிப் போட்டேன்.

"இன்னாடி பண்ற?"

"பால் கெட்டியாவட்டும்னு."

அம்மா என்னைப் பார்த்தாள். வைக்கோலைப் பார்த்தாள். கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். முந்தானையை எடுத்தபோது கண்ணெல்லாம் ஈரம். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்தேன். கொட்டகையின் அந்தப் பாதியில் மெஷின் திடீரென்று அலறி, அப்பாவின் விசில் அதற்குள் அமுங்கிப் போயிற்று.

"போ, ஒரு சொம்பு தண்ணி எடுத்துக்கினு வா. கை கழுவணும்" என்றாள்.

அடிபம்பில் அடித்து, வழக்கம்போலச் சொம்பு நிறைய, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்தேன். நாள் முழுக்க வைக்கோல் தின்ற பிறகும் பால் கெட்டியாகவில்லை. எனக்கு எருமைமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தினமும் முணுமுணுக்கிற பாட்டு வேறு குரலில் கேட்டபோதே அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. கை கழுவ எதற்கு ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் என்று கேட்கவும் தோன்றவில்லை.