பார்க்க மட்டும்

கம்பைநல்லூர் மாம்பழக்கூழ் ஆலையில், லோடு விவரம் பதியும் சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் இருந்தது கலைமணி ஒருத்திக்குத்தான். பத்து வருஷமாக டிரைவர்கள் அவளைக் கேட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். சோற்றில் கை வைக்க விடமாட்டார்கள்.

"சாஃப்ட்வேர் லைசென்ஸ் இல்லாதவங்களும் லோடு விவரத்த அவங்கவங்க போன்லயே பாத்துக்கட்டுமுங்க. என் உசுர வாங்குறாங்க!" மேனேஜர் பிரபாகரிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கித் தந்தவளே அவள்தான்.

அடுத்த வாரம் மேசைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். சேலம் லோடு ஓசூர் என்று பதிவாகியிருந்தது. திருத்தப் பார்த்தாள், முடியவில்லை. பிரபாகரிடம் ஓடினாள்.

"இனிமே பதிவெல்லாம் சென்னை ஆபீஸ்லங்க. உங்ககிட்ட யாரும் கேக்க வர்றதில்லையே, அதான் உங்க லைசென்ஸை எடுத்துட்டாங்க. நீங்களும் பாக்கலாம், அவ்வளவுதான்," என்றார் பிரபாகர்.

கலைமணி ஜன்னல் வழியே பார்த்தாள். வெளியே சேலம் லோடு ஏற்றிய டிரைவர் போனைப் பார்த்துவிட்டு, ஓசூர் பக்கம் வண்டியைத் திருப்பினான்.