கோர்ட்டு வராந்தாவில் ஒரு சீன வங்கி

விவாகரத்துக்கான கடைசி வாய்தாவுக்கு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போன அன்று, என் பையில் ஒரு சீன வங்கியின் வரலாறு இருந்தது. மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. சென்னைப் பதிப்பகம் ஒன்று அனுப்பியது. மறுநாள் முடித்துக் கொடுக்க வேண்டும். கோர்ட்டு விஷயத்தைச் சொன்னால் இரண்டு நாள் கூடுதலாகத் தந்திருப்பார்கள். எனக்குத்தான் சொல்லத் தோன்றவில்லை.

அது தனியார் வங்கி. அரசு வங்கிகள் அரசு ஆலைகளையே கவனித்துக்கொண்டிருந்ததால், சொந்தத் தொழில் செய்தவர்கள் சிலர் கூடித் தங்களுக்கென்று ஆரம்பித்தது. தொடக்கத்தில் எல்லாரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டிருப்பார்கள் போல. பிறகு இயக்குநர் குழுவில் யார் பெரியவர் என்று இழுபறி. ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போகிறார், சில வருஷம் கழித்துத் திரும்பி வருகிறார். யார், யாரோடு, எதற்காகப் பிரிந்தார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட மனுவில் காரணம் என்று இருந்தது ஒரே வரி: கருத்து வேறுபாடு. ஒன்பது வருஷ வாழ்க்கைக்கு அது போதும் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார்.

வராந்தாவின் எதிர் பெஞ்சில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். மில்லில் எலக்ட்ரீஷியன், லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போடாத சட்டையில் வந்திருந்தார். முன்பெல்லாம் அந்தச் சட்டைக்கே ஒரு சண்டை நடக்கும். அன்று கோபமும் வரவில்லை, பாவம் என்றும் தோன்றவில்லை. மரத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான். பேப்பர்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கோர்ட்டில் டவாலி வாசலில் நின்று பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். கேட்டதும் எழுந்து உள்ளே போக வேண்டும். நான் அப்போது, வெளியே போன பங்குதாரர் திரும்பி வந்த பக்கத்தில் இருந்தேன். பழைய கூட்டாளிகள் அவரை ஏன் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. முன்னும் பின்னும் புரட்டித் தேடிக்கொண்டிருந்தேன்.

வக்கீலம்மா விறுவிறுவென்று வந்தார். மூன்று தடவை கூப்பிட்டாயிற்றாம். இரண்டு பேரும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தோமாம். மத்தியானம் மறுபடி கூப்பிடுவார்கள், அப்போதாவது எழுந்து வாருங்கள் என்று திட்டிவிட்டுப் போனார்.

என் கணவர் எழுந்து வந்து என் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். டீ வாங்கி வரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு தெளிச்சி அவர் முகத்தில் இருந்தது.

"நீ எந்திரிக்கல. அதான் நானும் பேசாம இருந்துட்டேன்," என்றார். "ஒருவேள வேணாம்னு நெனச்சுட்டியோன்னு..."

பொய் சொல்லியிருக்கலாம். சும்மா இருந்திருந்தாலே போதும்.

"எனக்குக் கேக்கல," என்றேன். "இதப் படிச்சுட்டு இருந்தேன்."

அவர் என் மடியைப் பார்த்தார். என்னது என்று கேட்டார். சீனாவில் ஒரு பேங்க் என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தன் பெஞ்சுக்கே போய்விட்டார்.

மத்தியானம் டவாலி முதல் தடவை கூப்பிட்டதுமே நான் எழுந்துவிட்டேன். அவர் மூன்றாவது தடவைக்குத்தான் எழுந்தார்.