எண்ணாமல் விட்ட இரண்டு பேர்

என் மகன் சேகருக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, ராயபுரம் வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுந்து உதடு கிழிந்தது. மறுநாளும் இரத்தம் நிற்கவில்லை. நான் டாக்டர். காசிமேட்டிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண் என்ற திமிர் வேறு. நனைந்த தலையணையை மாற்றுவதைத் தவிர எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் என் பழைய ஆசிரியர்தான் பார்த்தார். ஹீமோஃபீலியாவோ (இரத்தம் உறையாத நோய், தாய்வழி வந்து பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத் தாக்குவது) என்று சந்தேகப்பட்டார்.

"உன் தாய்மாமன் யாருக்காவது இப்படி இருந்ததா?"

"எனக்குத் தாய்மாமனே கிடையாது சார். அம்மா ஒண்டி" என்று அடித்துச் சொன்னேன்.

அதனால் வைட்டமின் குறைவு என்று ஊசி போட்டார்கள். ஊசி போட்ட தொடை கறுத்து வீங்கியது. பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். பயத்தில் அம்மாவிடம், "பிழைச்சா திருவொற்றியூர் கோயில்ல காது குத்தறதா வேண்டிக்கோம்மா" என்றேன்.

"ஐயோ, காது மட்டும் குத்தாதே! என் தம்பி அதுலதான் பூட்டான்!"

"எந்தத் தம்பி? நீ ஒண்டிதான்னு சொன்னியே!"

"இன்னாடி கேக்கற? செத்ததுங்கள யாராச்சும் எண்ணுவாங்களா? ரெண்டு பேரு பொறந்தானுங்க. பெரியவன் காது குத்தி மூணு நாளு ரத்தம் போயி பூட்டான். சின்னவன் பல்லு வுழுந்தப்போ."

ஆசிரியரிடம் ஓடினேன். ஊசியை நிறுத்தி, என் கணவரிடமிருந்து அப்போதே எடுத்த, உறையும் சத்து கெடாத இரத்தத்தை ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கசிவு நின்றது.

அம்மாமேல் வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. பிறகுதான் உறைத்தது: நானும் நோயாளிகளிடம் "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்றுதானே கேட்டு வந்தேன்? அன்றுமுதல் "எத்தனை பிறந்தது?" என்று கேட்கிறேன். தண்டையார்பேட்டையிலும் எண்ணூரிலும் வீடு வீடாகப் போய்த் தாய்வழி வம்சப் படம் வரைவதே என் ஆராய்ச்சியாகிவிட்டது.

இதே நோயுள்ள பிள்ளையைப் பெற்றவளுக்கு ஒன்று சொல்வேன்: இது உன் பாவமல்ல, உன் மாமியார் சொல்லும் சாபமும் அல்ல. சேகர் இன்று பள்ளிக்குப் போகிறான். முழங்கால் வீங்கினால் வாரக்கணக்கில் படுக்கை. "அடுத்த மாதம்" என்று நாங்கள் எதையும் பேசுவதில்லை.

போன வாரம் நான் வரைந்த எங்கள் வம்சப் படத்தை அம்மா எட்டிப் பார்த்தாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், நோயிருந்தால் கறுப்பு என்று விளக்கினேன். தன் தம்பிகளின் இரண்டு கறுப்புச் சதுரங்களைத் தடவினாள்.

"பேரு எழுதலியே. பெரியவன் கபாலி. சின்னவன்…"

"மறந்து பூட்ச்சுடி" என்று குலுங்கி அழுதாள்.

பெயர் மறந்துபோன அந்த மாமனைக் கொன்றது அம்மா வழியாக என் உடம்பிலும் வந்து இருக்கிறது, சத்தமில்லாமல்; என்னிடமிருந்துதான் சேகருக்குப் போனது. என் உடம்புக்கு என் வயதுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.