மாவுக்கட்டு தருமன் மகளின் கை

செங்கம் சாலையில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரி. 1989-லிருந்து அங்கே மாவுக்கட்டு போடுவது தருமன்தான். ஊரில் பாதிப் பேர் கையை நீட்டி மடக்குவதே தன்னால்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பதினான்கு வருடம் வளர்த்த அந்த நினைப்புக்கு மகள் கவிநிலாவே வேட்டு வைத்தாள்.

எட்டு வயது. வேங்கிக்கால் தெருவில் சைக்கிளிலிருந்து விழும்போது கையை ஊன்றிவிட்டாள். மணிக்கட்டு வீங்கியது. புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் அறிவுமதி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“முறிவுதான் தருமண்ணே, ஆனா ரெண்டாப் போகல. ஒரு பக்கம் லேசா நசுங்கிப் புடைச்சிருக்கு. புள்ளைங்களுக்கு எலும்பு இளசு, தானா கூடிக்கும். கழட்டி மாட்டுற பட்டை மூணு வாரம் போதும்.”

“சரிங்க மேடம்” என்றார் தருமன். ஆனால் மனம் ஒப்பவில்லை. மாவுக்கட்டு தருமன் மகளுக்கு வெறும் பட்டையா? டாக்டர் சாப்பிடப் போனதும் மகளை மேசைமேல் உட்காரவைத்து, விரலடியில் தொடங்கி முழங்கையும் தாண்டிக் கட்டினார். கட்டியபின் இரண்டடி தள்ளி நின்று ரசித்தார்.

வீட்டில் சட்டைக்குள் கை நுழையவில்லை. மனைவி நந்தினி புதுச் சீருடையின் கையைக் கத்தரித்துக்கொண்டே, “இது கைக்குப் போட்ட கட்டா, கோயில் தூணுக்குப் போட்டதா?” என்றாள். நான்காம் நாள் அரிப்பு தாங்காமல் கவிநிலா கட்டுக்குள் ஸ்கேலை விட்டாள். பாதி ஸ்கேல்தான் திரும்பி வந்தது.

மறுநாள் தருமன் மகளோடு, தலையைச் சொறிந்தபடி டாக்டர்முன் நின்றார்.

“யாரு கட்டுனது?”

“நான்தான் மேடம்.”

“யாரு சொல்லி?”

“யாரும் சொல்லல. கை சும்மா இருக்கல.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டை வெட்டச் சொன்னார். ஸ்கேல் துண்டு விழுந்தது. பட்டை மாட்டினார்கள். குளிக்கக் கழற்றி, குளித்ததும் மாட்டி, மிச்ச நாளை மகள் சிரமமில்லாமல் ஓட்டினாள். கை பழையபடி ஆனது.

சில மாதம் கழித்து அப்பாசாமி என்ற விவசாயி, கை வீங்கிய மகளோடு வந்தார். பட்டை போதும் என்று டாக்டர் சொன்னதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “இம்மாந்தூரம் பஸ் ஏறி வந்திருக்கோம். நல்லா பெரிய கட்டாப் போடுங்க.”

“எம் பொண்ணுக்குப் பெருசாத்தான் போட்டேன்யா” என்று தருமன் தன் மானம் போன கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். ஸ்கேல் வந்த இடத்தில் அந்தப் பெண் வலியை மறந்து சிரித்துவிட்டுக் கையை நீட்டினாள்.

பட்டை மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உடனே அனுப்பினால் மதிக்கமாட்டார்களே என்று, எந்த வகுப்பு படிக்கிறாய் என்று கேட்டு வைத்தார்.