பிடி விடாத போல்ட்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். பேரனின் பழைய காரில் துருப்பிடித்த மட்கார்டைக் கழற்ற மெக்கானிக் ஊற்றிய மண்ணெண்ணெய் வாசம், ஆர்.எஸ்.புரத்தில் அப்பா வைத்திருந்த, இன்று நகைக்கடையாகிவிட்ட தகர ஷெட்டுக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. அங்கே ஒருநாள், போல்ட்டின் மேல் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு, அது ஊறும்வரை பொறுத்திருந்து, அப்பா ஸ்பேனரை வலப்பக்கம் திருப்பினார். கார்க்காரர் முக்காலியை விட்டு நகராமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏப்பா, கழட்டச் சொன்னா இறுக்கறே? நாளைக் கடத்தறயா?”

“துருப்புடிச்சதை மொதல்ல துளி இறுக்கோணுங்க. அப்பத்தான் புடி வுடும்.”

“இப்படிச் சொல்லித்தான் ஒருத்தன் முறிச்சுப்போட்டான். நீயும் முறிச்சீன்னா வண்டி வேற பட்டறைக்குப் போயிரும்.”

அப்பா சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். நானும் சந்தேகமாகத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிப்பு நின்றுபோனது.

ஸ்பேனரை இடப்பக்கம் திருப்பியதும் போல்ட் கிறீச்சிட்டுக் கழன்றது. கார்க்காரர் தலையாட்டினார். அப்பா அதை அவரிடம் காட்டவில்லை. என் உள்ளங்கையில் வைத்தார்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதிய பேத்தி பேனாவை மூடப் போனாள்; நான் விடவில்லை.

“அம்மணி, எழுதினதைப் படிச்சுக் காட்டு. நான் சொன்னதைத்தான் எழுதுனியான்னு பாக்கோணும்.”